பேனாவும் சாவிக்கொத்தும் போதுமா?

ஒரு பேனா, ஒரு சாவிக்கொத்து, ஒரு சார்ட். ஒரு குழந்தையின் வளர்ச்சி தாமதமாகுதான்னு கண்டுபிடிக்க இவ்வளவு போதுமாம். நம்ம லேப் மேனுவலைவிட சிம்பிள் பாஸ்!

திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவாகி, 1991-ல் வெளியான சார்ட் இது. ரெண்டு வயசு வரை பார்க்க 17 ஐட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை. பட்டையின் வலது முனை, 97% குழந்தைகள் அதைச் செய்துவிடும் வயசு. குழந்தையின் வயசில் நெட்டுக்குத்தா ஒரு கோடு போடணும். கோட்டுக்கு இடப்பக்கமே முடிந்துவிட்ட எதையாவது குழந்தை செய்யலைன்னா, டாக்டரிடம் அனுப்பணும்.

சரி, சார்ட்டுக்கு யார் மார்க் போடுறது? டென்வர் டெஸ்ட்டோடு ஒப்பிட்டார்கள். தாமதம் உள்ளவர்களில் 66.7% பேரைப் பிடித்தது. இல்லாதவர்களில் 78.8% பேரை ‘ஓகே’ என்றது. கிட்டத்தட்ட ஃபர்ஸ்ட் கிளாஸ்!

கால்குலேட்டரை எடுங்க. 1000 குழந்தைகளில் 100 பேருக்குத் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். 67 பேர் சிக்குவார்கள். 33 பேர் நழுவிவிடுவார்கள். பிரச்னையே இல்லாத 191 பேரின் அம்மாக்களுக்குத் தூக்கம் போகும்.

அந்த 191-ஐ விரிவான பரிசோதனை சரி பண்ணிடும். என் கவலை எல்லாம் அந்த 33 மேலதான். ‘அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்’ என்கிற பாட்டிக்கு சார்ட்டே சப்போர்ட் பண்ணின மாதிரி ஆயிடுமே!

இன்னொரு வில்லங்கம், டென்வரும் ஒரு ஸ்கிரீனிங் டெஸ்ட்தான். ஒரு ஸ்கேலை இன்னொரு ஸ்கேலால் அளந்த கதை. அதனால ஒரு தடவை ‘ஓகே’ வந்துட்டா சார்ட்டை மடிச்சு வெச்சிடக் கூடாது. தடுப்பூசிக்கு வரும்போதெல்லாம் மறுபடி கோடு போட்டால், இன்று நழுவியவர் அடுத்த முறை சிக்கலாம். சில நிமிஷ வேலைதானே!