திரை காட்டிய திசை – 9: ராஜபாட்டையின் மரங்கள்

டைட்டானிக் கப்பலைக் கட்டிய பெல்ஃபாஸ்ட் துறைமுகத்தில், கப்பல் பாகங்களுக்கு வண்ணம் பூசிய பிரம்மாண்டமான கூடம் ஒன்று உண்டு. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் அரண்மனைகளும் அரியணை மண்டபமும் அதற்குள்தான் எழுந்தன. சென்ற வாரம் அதைப் பார்த்தோம். இந்த வாரம் அங்கிருந்து வடக்கே, அன்ட்ரிம் கடற்கரையோரமாக, ஒரு சுற்றுலாப் பேருந்தில் போகிறோம்.

எங்கள் வழிகாட்டி அந்தத் தொடரில் துணை நடிகராக வேலை பார்த்தவர். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு பனிச்சுவரைக் காத்த கூட்டத்தில் ஒருவர். மகரமோர்ன் என்ற ஊரை நெருங்கியதும், கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குவாரி இருக்கும் திசையைக் காட்டினார். 700 அடி உயரச் சுவருக்கு அடிவாரமாக நின்றது அந்தக் குவாரியின் பாறைதான். அதற்கு மேலே தெரிந்ததெல்லாம் கணினியின் கைவண்ணம்.

அவர் வயதுக்காரர்களுக்கு இந்த வேலை எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லியாக வேண்டும். முப்பது ஆண்டுகள் குண்டுவெடிப்பும் துப்பாக்கிச் சூடுமாக இருந்த பூமி இது. 3,500 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். 1998-ல் அமைதி ஒப்பந்தம் வந்தது. 2011-ல் தொடர் ஒளிபரப்பானது. வட அயர்லாந்து என்றால் முள்வேலியும் ராணுவ வண்டியும் நினைவுக்கு வந்த காலம் போய், உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ ஆட்கள் ஆசைப்பட்டு வந்து இறங்குகிறார்கள். அந்த வருகையை இங்கே யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

கார்ன்லாக் துறைமுகத்தில் பேருந்து நின்றது. சின்ன ஊர், சின்னத் துறைமுகம். தண்ணீருக்குள் இறங்கும் கல்படிகளில் பாசி பச்சையாக ஒட்டிக்கிடக்கிறது. வழிகாட்டி ஒரு லேமினேட் செய்த படத்தை எடுத்து, படிகளுக்கு நேராகப் பிடித்தார். கத்திக்குத்து வாங்கிய ஆர்யா என்ற சிறுமி தண்ணீரிலிருந்து தட்டுத்தடுமாறி ஏறும் காட்சி. படத்தில் இருக்கும் கல்லும் எதிரே இருக்கும் கல்லும் ஒன்றோடொன்று பொருந்தின. கதையில் இது பிராவோஸ் நகரம். அந்த நகரத்தின் தெருக்கள் பலவும் ஸ்பெயினில், ஹிரோனாவில் எடுக்கப்பட்டவை. ஒரே ஊரின் தெரு ஒரு நாட்டிலும் படித்துறை வேறொரு நாட்டிலும் இருந்திருக்கின்றன. பார்க்கும்போது நமக்குத் துளியும் உறுத்தவில்லை. இடம் தேடும் கலைஞர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

தொடரில் மெலிசாண்ட்ரே என்ற மந்திரக்காரி நிழலைப் பெற்றெடுத்த குஷெண்டன் குகை, தியான் என்ற இளைஞன் கப்பலில் வந்து இறங்கிய பாலின்டாய் துறைமுகம் எல்லாம் வரிசையாக வந்தன. பாலின்டாயில் காற்று ஆளைத் தள்ளுகிறது. பேருந்தில் கொடுத்த அங்கியும் வாளுமாகப் படம் எடுத்துக்கொள்வதற்குள் பலருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது.

எல்லோரும் காத்திருந்தது கடைசி இடத்துக்கு: டார்க் ஹெட்ஜஸ். ஆர்மாய் கிராமத்துக்குப் பக்கத்தில், பிரேகா சாலையின் இரு மருங்கிலும் நிற்கும் பீச் மரங்கள். 1775 வாக்கில் ஸ்டூவர்ட் குடும்பத்தினர் தங்கள் கிரேஸ்ஹில் மாளிகைக்கு வருகிறவர்கள் பிரமிக்க வேண்டும் என்று நட்டவை. கிளைகள் சாலைக்கு மேலே முறுக்கிப் பிணைந்து ஒரு கூரையாகிவிட்டன. இரண்டாம் பருவத்தின் முதல் அத்தியாயத்தில், பையன் வேடத்தில் ஆர்யா தலைநகரை விட்டுத் தப்பிப்போகும் ராஜபாட்டை இதுதான். திரையில் சில நொடிகள்தான் வந்துபோகிறது. அந்தச் சில நொடிகள் இந்த மரங்களின் தலையெழுத்தையே மாற்றிவிட்டன.

பீச் மரத்தின் வேர் ஆழமாகப் போவதில்லை. மண்ணின் மேல்மட்டத்திலேயே பரவுகிறது. அதன்மேல் பேருந்தும் காரும் ஏறினால் மண் இறுகும்; காற்றும் தண்ணீரும் உள்ளே போகாது. வேர் நலிந்த மரத்தைச் சாய்க்க ஒரு புயல் போதும். பட்டையும் மெல்லியது, வழவழப்பானது. பெயர் செதுக்குகிறவர்களுக்கு வசதியாகிவிட்டது. ‘சாரா’ என்றும் இதயக்குறி என்றும் செதுக்கிய வடுக்களை நானே விரலால் தடவிப் பார்த்தேன். பட்டைக்கு அடியில்தான் மரத்தின் உணவு ஓடுகிறது என்பதை அந்தக் கத்திக்காரர்களுக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?

ஆரம்பத்தில் ஏறத்தாழ 150 மரங்கள் இருந்தன. இன்று மிச்சம் பாதியளவுதான். பீச் மரத்துக்கு 250 வயது என்பது முதுமை. சுற்றுலா வராமல் இருந்தாலும் சில சாய்ந்திருக்கும். ஆனால் முதுமையில் இருப்பவர்களை நாம் இன்னும் பக்குவமாக அல்லவா பார்த்துக்கொள்ள வேண்டும்? 2016 ஜனவரியில் கெர்ட்ரூட் புயலில் இரண்டு மரங்கள் விழுந்தன. அந்தக் கட்டைகளை வீணாக்காமல் பத்துக் கதவுகள் செய்தார்கள். ஆறாம் பருவத்தின் பத்து அத்தியாயங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு. டிராகன், வாள், காகம் என்று நுணுக்கமாகச் செதுக்கி, வட அயர்லாந்தின் மதுக்கடைகளிலும் விடுதிகளிலும் மாட்டியிருக்கிறார்கள். குஷெண்டனில் மேரி மெக்பிரைட்ஸ் கடையில் ஒன்றைப் பார்க்கலாம். அருமையான வேலைப்பாடு.

2017-ல் பிரேகா சாலையில் வண்டிகளுக்குத் தடை போட்டார்கள். தடையை மீறுகிறவர்களைப் பற்றிய புகார் அதன் பிறகும் வந்துகொண்டிருந்தது. 2023 நவம்பரில், பாதுகாப்புக்காக ஆறு மரங்களை அரசே வெட்டி எடுக்க வேண்டி வந்தது. 2024 ஜனவரியில் இஷா புயலில் இன்னும் சில விழுந்தன. தடை வரக் காட்சி ஒளிபரப்பாகி ஐந்து ஆண்டுகள் ஆனது. அந்த ஐந்து ஆண்டுகளும் பேருந்துகள் வேர்மேல்தான் போய்க்கொண்டிருந்தன. பயணிகள் தேவைப்பட்ட ஊர் அது; முகம் சுளிக்க ஊர்க்காரர்களுக்கு மனம் வரவில்லை. எனக்கு அது புரிகிறது. ஆனால் இந்தச் சாலையை வைத்துச் சம்பாதித்த எல்லோரும் முதல் ஆண்டிலேயே வண்டியை நிறுத்த ஓர் ஏற்பாடு செய்திருக்க முடியும்.

நீங்கள் போவதாக இருந்தால், வண்டியைத் தள்ளி இருக்கும் நிறுத்துமிடத்திலேயே விட்டுவிடுங்கள். தார்ச்சாலையை விட்டு இறங்காமல் நடுச்சாலையில் நடங்கள். மரத்தில் சாய்ந்து படம் எடுக்க வேண்டாம். கூட்டமில்லாமல் பார்க்க விடிகாலைதான் சரி. பக்கத்து ஊரில் முந்தின இரவே தங்கிவிடுவது உத்தமம்.

அடுத்த வாரம் ஸ்ட்ராங்ஃபோர்டு கடலேரிக் கரையில் இருக்கும் காசில் வார்டு. விண்டர்ஃபெல் கோட்டையாக நடித்த பழைய கோபுரம் அங்கேதான் நிற்கிறது. அதே தோட்டத்தில், கணவனும் மனைவியும் ஒத்துப்போகாததால் ஒரு முகம் ஒரு பாணியிலும் மறுமுகம் வேறு பாணியிலும் கட்டப்பட்ட மாளிகையும் இருக்கிறது.

(தொடரும்)