உப்பளத்து வரம்பில் ஓர் ஆண்டுக் கணக்கு

ஜனவரி முதலாம் திகதி காலையில் கணக்கு வெறுமையாகத் தொடங்கும். போன ஆண்டு எவ்வளவு அரிய பறவையைப் படம் பிடித்திருந்தாலும் அது இந்த ஆண்டுக்குச் செல்லாது. கிணற்றடிக் காகம், கூரையில் மைனா, வேலிக்குள் செண்பகம் என்று முதலிலிருந்து எண்ண வேண்டும். டிசம்பர் 31 மாலை வரை, ஐயமின்றி இனங்காணக்கூடிய படம் கிடைத்த ஒவ்வொரு பறவை இனத்துக்கும் ஓர் எண் கூடும். உலகெங்கும் பறவை ஆர்வலர்கள் வைத்துவரும் இந்த ஆண்டுக் கணக்கில் இரண்டு வழிகள் உண்டு. வீட்டிலிருந்து சில கிலோமீற்றர் சுற்றளவுக்குள்ளேயே நின்று பார்ப்பது ஒன்று. பறவை இருக்கும் இடமெல்லாம் தேடிப் போவது மற்றொன்று.

தேடிப் போவதன் எல்லையைக் காட்டியவர்களில் ஒருவர் அமெரிக்கரான நோவா ஸ்ட்ரைக்கர். 2015 ஆம் ஆண்டு முழுவதும் பயணத்திலேயே கழித்து, 41 நாடுகளில் 6,042 இனங்களைக் கண்டார். உலகில் உள்ள பறவை இனங்களில் பாதிக்கும் மேல் அது. அந்த உழைப்பை வியக்காமல் இருக்க முடியாது. ஆனால், புத்தளம் மாவட்டக் கரையில் வாழும் ஒருவர் கமெராவை எடுத்தால் முதல் வழியையே தெரிவு செய்ய வேண்டும் என்பேன். பயணச் செலவை மிச்சம் பிடிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தக் கரைக்கு அந்தக் கணக்கு தேவைப்படுகிறது.

இந்த நிலத்தின் அமைப்பைப் பாருங்கள். ஏறத்தாழ 327 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள புத்தளம் களப்பு ஒரு பக்கம், திறந்த கடல் மறுபக்கம், நடுவே ஒடுங்கி நீளும் கற்பிட்டிக் குடாநாடு. நுரைச்சோலையிலோ ஆலங்குடாவிலோ குடியிருப்பவருக்கு அலையடிக்கும் மணற்கரை, சேற்றுநிலம், கண்டல், தென்னந்தோட்டம், மரக்கறித் தோட்டம் எல்லாம் ஒரு சைக்கிள் ஓட்டத் தூரத்தில் கிடைக்கின்றன. பாலாவிப் பக்கம் உப்பளங்கள். வடக்கே கலா ஓயாவின் முகத்துவாரத்தைத் தாண்டினால் வில்பத்துக் காடு. தெற்கே சிலாபத்துக்குப் போகும் வழியில் ஆனைவிழுந்தாவ. பழைய காலத்துக் குளத்தொடர் ஒன்று அங்கே நெல் வயல்களோடும் கண்டலோடும் சேர்ந்து கிடக்கிறது. 1,397 ஹெக்டேயர் கொண்ட அந்த ஈரநிலம் 2001 இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இலங்கைக்கு ராம்சார் தகுதி கிடைத்த இரண்டாவது இடம் அது, முதலாவது பூந்தல.

காற்றுக்கும் இங்கே பங்குண்டு. வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து வந்த உள்ளான்களும் மூக்கன்களும் வாத்துகளும் களப்பை நிறைக்கும். சோளகம் வீசத் தொடங்கினால் அவற்றில் பெரும்பாலானவை வடக்கே போயிருக்கும். கரையோரம் வெறிச்சென்று தோன்றும். அப்போது கடலைப் பார்க்க வேண்டும். பழுப்பு முதுகும் வெள்ளை நெற்றியும் கொண்ட ஆலாக்கள் கரையிலிருந்து எட்டத்தில் தெற்கு நோக்கிப் பறந்துகொண்டே இருக்கும். இலங்கையின் மேற்குக் கரையை ஒட்டி நடக்கும் இந்தக் கடற்பறவை வலசையைக் கரையிலேயே காத்திருந்து பதிவு செய்தவர் ரெக்ஸ் டி சில்வா. ஆராய்ச்சிக் கப்பல் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

இனி, ஒரு சிறு பறவையின் கதை. உப்பளப் பாத்திகளின் வரம்பில் சிட்டுக்குருவியை விடச் சற்றே பெரிய, மணல் நிறப் பறவை ஒன்று விறுவிறென்று ஓடும், நிற்கும், எதையோ கொத்தும், மீண்டும் ஓடும். உப்புக்கொத்தி. ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியா வரை பரவியிருக்கும் கெண்டிஷ் உப்புக்கொத்தி என்ற இனத்தின் ஒரு கிளையாகவே இதை நூலெழுதியவர்கள் நெடுங்காலம் வைத்திருந்தார்கள். 1915 இல் இதற்குத் தனிப் பெயர் சூட்டப்பட்டது. ஆனாலும் கிளையினம் என்ற நிலை மாறவில்லை. 2023 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் சம்பத் செனவிரத்ன உள்ளிட்ட ஆய்வாளர்கள் 'ஐபிஸ்' என்ற பறவையியல் ஏட்டில் இதன் மரபணுவையும் உடல் அளவுகளையும் வைத்து, இது தனி இனமே என்று நிறுவினார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் இனப்பெருக்கம் செய்யும் இதற்கு இன்றைய பெயர் அனுமன் உப்புக்கொத்தி. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையில் பாலம் கட்டிய கதையை மனத்தில் வைத்தே அந்தப் பெயரை இட்டார்கள்.

ஆண்டுக் கணக்கு வைப்பவர்களுக்கு இதில் பெரிய பாடம் இருக்கிறது. வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து கெண்டிஷ் உப்புக்கொத்திகளும் இங்கே வரக்கூடும். ஆண்டு முழுவதும் இங்கேயே தங்கி, மண்ணைச் சுரண்டி முட்டையிடுவது அனுமன் உப்புக்கொத்தி. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒருவர் குறிப்புப் புத்தகத்தில் 'கெண்டிஷ் உப்புக்கொத்தி, பாலாவி' என்று மட்டும் எழுதியிருந்தால், அவர் கண்டது எது என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. அதே நாளில் ஒரு தெளிவான படம் எடுத்துத் திகதியோடு வைத்திருந்தால் சொல்லலாம். அனுமன் உப்புக்கொத்தி சற்றுச் சிறியது, சிறகு குட்டையானது. ஆண் பறவையின் உச்சந்தலையில் செம்மை குறைவு; அலகுக்கும் கண்ணுக்கும் இடையே ஓடும் கறுப்புக் கோடு மெலிந்திருக்கும் அல்லது இருக்காது. குஞ்சோடு நிற்கும் படமென்றால் கேள்வியே இல்லை. எடுத்தவருக்கு அன்று தெரியாத ஒன்றைப் படம் பின்னால் வருபவர்களுக்குச் சொல்கிறது. அண்மையில் மணல் உப்புக்கொத்தியையும் இப்படித்தான் இரண்டாகப் பிரித்தார்கள். திபெத்திய மேட்டுநிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு நம் களப்புக்கு வருபவை ஒன்று, சைபீரியப் பக்கத்தவை மற்றொன்று. பட்டியல்கள் இனியும் மாறும். படங்கள் இருந்தால் பழைய கணக்கையும் திருத்திக்கொள்ளலாம்.

முந்திய தலைமுறைகள் இதே காரியத்துக்குத் துப்பாக்கியைப் பயன்படுத்தின. 1868 முதல் 1877 வரை இலங்கையில் பணியாற்றிய பீரங்கிப் படை அதிகாரி வின்சென்ட் லெக், தீவெங்கும் சுற்றித் திரட்டிய செய்திகளை 1878 தொடக்கம் 1880 வரை பெருநூலாக வெளியிட்டார். அந்தக் காலத்தில் ஒரு பறவை இருந்தது என்பதற்குச் சான்று, சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து வைத்த உடல். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளைச் சுட்டு எண்ணிப் போட்டி நடத்தும் வழக்கத்துக்கு மாற்றாக, சுடாமல் எண்ணுவோம் என்று பிராங்க் சாப்மன் 1900 இல் தொடங்கிய கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. கமெராவோடு கணக்கு வைப்பவர் அந்த மாற்றத்தின் அடுத்த படியில் நிற்கிறார்: சான்றும் கிடைக்கிறது, பறவையும் பறந்து போகிறது.

படத்தில் இனத்தின் பெயர் மட்டும் இருப்பதில்லை. செப்டம்பர், ஒக்டோபரில் களப்புச் சேற்றில் இறங்கும் உள்ளான் கூட்டத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால், சிலவற்றின் முதுகு இறகுகளுக்கு வெளிர் விளிம்பு ஒழுங்காக ஓடி, மீன் செதில் அடுக்கியதுபோல் தோன்றும். அவை அந்த ஆண்டில் பிறந்தவை. கூட்டத்தில் அவற்றின் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். அதன் காரணம் ஆர்க்டிக்கில் இருக்கிறது. அங்கே லெம்மிங் என்னும் எலிவகை பெருகும் ஆண்டுகளில் நரிகளும் வேட்டைப் பறவைகளும் அவற்றைத் தின்று நிறைவடைகின்றன. லெம்மிங் குறைந்த ஆண்டில் அதே நரிகள் உள்ளான்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடித் தின்கின்றன. சைபீரியாவின் தைமிர் பகுதியில் கூடு கட்டும் வளைமூக்கு உள்ளானிடம் இந்தத் தொடர்பைப் பல்லாண்டுத் தரவுகளிலிருந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆனைவிழுந்தாவவிலோ முந்தல் களப்பிலோ எடுத்த ஒரு கூட்டத்தின் படத்தில் இளம் பறவைகளை எண்ணுபவர், வட துருவத்தருகே அந்தக் கோடை எப்படி இருந்தது என்பதையும் சேர்த்தே எண்ணுகிறார். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரே இடத்துக்கு, ஒரே பருவத்தில், ஆண்டுதோறும் போக வேண்டும்.

அந்தத் தூரங்கள் இப்போது கற்பனையில் இல்லை. 2021 இல் மன்னாரில் செய்மதிக் கருவி பொருத்தப்பட்ட கடற்காகம் ஒன்று ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதிவரை போய், அதே ஆண்டு மன்னாருக்கே திரும்பி வந்தது. புத்தளம் கரைக்கு வரும் நண்டுதின்னி உள்ளான்களின் வழி வேறு. அவை பெரும்பாலும் அரேபியக் கரையோரங்களில் மணலுக்குள் வளை தோண்டி, மணலின் வெப்பத்தையே துணைகொண்டு முட்டையைப் பொரிக்கின்றன. கரைப்பறவைகளில் வேறெதுவும் இப்படிச் செய்வதில்லை. கறுப்பு வெள்ளை உடலும் தடித்த அலகுமாய்க் கற்பிட்டி மணற்திட்டில் அது நிற்பதைக் கண்டால், அந்த ஆண்டின் சிறந்த படம் அதுவாகவே இருக்கும்.

ஆண்டுக் கணக்கின் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். ஓர் இனத்துக்கு ஒரு படம் கிடைத்ததும் அந்த இனத்தின்மேல் இருக்கும் அக்கறை போய்விடுகிறது. ஜனவரியில் கூழைக்கடாவைப் பதிவு செய்தவர் மார்ச்சில் அதைக் கவனிப்பதில்லை. அறிவியலுக்கோ அந்த மார்ச்தான் முக்கியம்: எப்போது வந்தது, எப்போது போனது, எத்தனை. அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு பழக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். தெரிவு செய்த குளத்துக்கோ உப்பளத்துக்கோ போகும் ஒவ்வொரு முறையும், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும், காகம் உட்பட, எண்ணிக்கையோடு எழுதுங்கள். எவ்வளவு நேரம் நின்றீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்பதையும் சேருங்கள். கோர்னெல் பறவையியல் ஆய்வகம் 2002 இல் தொடங்கிய இ-பேர்ட் தரவுத்தளம் கேட்பதும் இதைத்தான். எல்லாவற்றையும் எழுதிய பட்டியலில் ஒரு பறவையின் பெயர் இல்லையென்றால், அந்த இல்லாமையும் தரவாகிவிடுகிறது. அரிய பறவையின் படம் மட்டும் கொண்ட பட்டியலிலிருந்து அதைப் பெற முடியாது.

பயணத்தை நான் ஒதுக்கவில்லை. இலங்கைக்கே உரிய முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களில் பல ஈரவலயக் காடுகளை விட்டு வெளியே வருவதில்லை. காட்டுக்கோழியை வில்பத்தில் பார்க்கலாம்; நீலக் காட்டு மாக்பையைக் காணச் சிங்கராஜ போன்ற காடுகளுக்குத்தான் போக வேண்டும். சிங்கராஜவில் 2001 இல் தீபால் வரகாகொட ஒரு புதிய ஆந்தை இனத்தையே கண்டுபிடித்தார். சில ஆண்டுகளுக்கு முன் கேட்ட, அடையாளம் தெரியாத ஒரு குரலை விடாமல் தொடர்ந்து போனதன் பலன் அது. போய் வந்தால் கண் கூர்மைப்படும். ஆயினும் சிங்கராஜவில் படம் எடுப்பவர்கள் ஏராளம். முந்தல் களப்பின் ஓரத்தில் ஜூலை மாதத்தில் கமெராவோடு நிற்பவர் அரிது.

கமெரா தீங்கும் செய்யும். நீண்ட வலசை முடித்து இறங்கிய கூட்டத்தை, பறக்கும் படம் வேண்டும் என்று ஓடி எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பறவை சேர்த்து வைத்த கொழுப்பை அது வீணாக்குகிறது. மார்ச், ஏப்ரலில், திரும்பிப் போகும் நேரத்தில், அந்த இழப்பு பயணத்தையே கெடுக்கக்கூடும். உப்புக்கொத்தியின் கூடு வெறும் தரைக்குழி. படம் எடுப்பவரின் காலடித் தடத்தைப் பின்பற்றி நாயும் காகமும் முட்டையைக் கண்டுபிடிக்கக்கூடும். கூட்டருகே போகாதீர்கள், கூடு இருக்கும் இடத்தை எவருக்கும் அறிவிக்காதீர்கள். படம் கிடைக்காவிட்டால் எண் ஒன்று குறையட்டும்.

இவ்வளவும் ஏன் அவசரமாகச் செய்ய வேண்டும் என்றால், இந்தக் கரை நம் கண்முன்னே மாறிவிட்டது. 1980களிலிருந்து இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் வெட்டப்பட்டது. நோய் தாக்கிய பின் கைவிடப்பட்ட தொட்டிகள் இன்றும் கிடக்கின்றன. மாம்புரியில் 2010 இல் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. நுரைச்சோலை அனல் மின் நிலையம் 900 மெகாவாற் திறனோடு நிற்கிறது. சோளகக் காற்றைத் தேடிப் பட்டச் சறுக்கு விளையாட்டுக்கு வெளிநாட்டார் வருகிறார்கள். இவற்றால் பறவைகளுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டால், முன்னும் பின்னும் ஒப்பிடப் பழைய எண்கள் வேண்டும். தெற்கே பூந்தலவில் அப்படிப்பட்ட எண்கள் இருந்தன. நீர்ப்பாசனக் கழிவுநீர் களப்புகளில் கலந்து உப்புத்தன்மை குறைந்ததோடு பூநாரைகள் குறைந்துபோனதை அங்கே காரணத்தோடு பேச முடிந்தது. தொடர்ந்து எண்ணியவர்கள் இருந்ததால் முடிந்தது.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் வயல்வெளியில் நின்று எண்ணுகிறார்கள். இலங்கையில் 1943 இல் தொடங்கிய சிலோன் பறவைக் கழகம் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை ஒவ்வொரு ஜனவரியும் நடத்துகிறது. 1976 இல் உருவான இலங்கைக் களப் பறவையியல் குழு கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்குகிறது. இரண்டிலும் புத்தளத்துத் தமிழ் பேசும் இளைஞர்கள் அதிகமாகச் சேர வேண்டும். கற்பிட்டியிலும் உடப்பிலும் கடலை அறிந்த மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்தக் காற்றில் எந்த ஆலா எங்கே இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அறிவியல் ஆசிரியர்களே, பாடசாலைக்குப் பக்கத்தில் ஒரு குளத்தையோ உப்பளத்தையோ தெரிவு செய்யுங்கள். பெரிய கமெரா தேவையில்லை. ஒரு தொலைநோக்கியும் கைத்தொலைபேசியும் தொடங்கப் போதும். மாதம் ஒருமுறை, அதே வரம்பில், அதே நேரத்தில் நின்று எண்ணுங்கள். படத்தில் திகதியும் இடமும் பதிவாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வருகிற ஜனவரியிலேயே தொடங்குங்கள்.