பள்ளிக்கூடத்தில் ஒரு பொய்க் கல்யாணம்

ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் பஸ்ஸில் போனால் தனியார் பள்ளிகளின் மார்க் பேனர்கள் கண்ணில் பட்டபடியே இருக்கும். பள்ளிக்கூடம் என்றாலே மார்க் என்று ஆகிவிட்ட இந்த வட்டாரம் அவசியம் பார்க்க வேண்டிய படம், 1955 பொங்கலுக்கு வந்த ‘மிஸ்ஸியம்மா’.

அந்தப் படத்துக்குச் சேலத்தோடு ஓர் உறவும் உண்டு. பாட்டும் வசனமும் எழுதிய தஞ்சை ராமையாதாஸ், தஞ்சாவூரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நாடகக் குழு நடத்தியவர். அவரைச் சினிமாவில் பாட்டெழுத வைத்தது, திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம் சேலம் ஏற்காடு சாலையில் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ். படம், 1947-ல் வந்த ‘ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி’. எட்டு வருஷம் கழித்து அந்த வாத்தியாரின் கைக்கு ஒரு பள்ளிக்கூடக் கதையே வந்து சேர்ந்தது.

கதை வங்காளத்தில் பிறந்தது. ரவீந்திரநாத் மைத்ராவின் ‘மன்மயி கேர்ல்ஸ் ஸ்கூல்’ நாடகம் 1935-லேயே அங்கே படமாகிவிட்டது. விஜயா நிறுவனத்துக்காக எல்.வி.பிரசாத் அதைத் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தார்.

ஜமீன்தாராக வரும் ரங்காராவின் பள்ளிக்குப் பட்டதாரி ஆசிரியர்கள் தேவை. ஆனால் கணவன் மனைவியாக இருக்க வேண்டும். வேலையில்லாத பாலுவாக ஜெமினி கணேசன். கடனைச் சாக்கிட்டுக் கல்யாணத்துக்கு நெருக்கும் டேவிட்டிடமிருந்து தப்பத் துடிக்கும் மேரியாக சாவித்திரி. இந்து இளைஞனும் கிறிஸ்தவப் பெண்ணும் வயிற்றுப்பாட்டுக்காகத் தம்பதி வேஷம் போடுகிறார்கள். ஜமீன்தார் தம்பதியோ சொந்தப் பிள்ளைகளைப் போல அன்பைக் கொட்டுகிறார்கள். அந்த அன்பு கூடக் கூட, மேரியின் முகத்தில் எரிச்சலும் கூடுகிறது. நமக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நிலாப் பாட்டைப் பாருங்கள். ஏ.எம்.ராஜாவும் பி.லீலாவும் பாடியது, இசை எஸ்.ராஜேஸ்வரராவ். காதலர்கள் கொஞ்ச வேண்டிய நிலவொளியில், இந்த இருவரும் ஒருவர்மேல் ஒருவர் நிலவிடம் புகார் சொல்கிறார்கள். மெட்டு தாலாட்டுகிறது, வார்த்தை குத்துகிறது. முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சாவித்திரியின் கோபத்துக்குள்ளேயே பிரியம் எட்டிப் பார்க்கிறது.

யாரையும் மட்டம் தட்டாமல் சிரிக்க வைப்பது லேசான காரியமல்ல. மேரியின் ஜெபத்துக்கும் கண்ணன் பாட்டுக்கும் இந்தப் படம் ஒரே மரியாதையைத் தருகிறது. ஆசிரியர்களும் கடன்படுவார்கள், கோபப்படுவார்கள், பாடுவார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு அன்போடு காட்டுகிறது.

வரும் ஆண்டு விழாவில் நம் பள்ளிகள் இதைத் திரையிடட்டும். பிள்ளைகளும் வாத்தியார்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிப்பதும் கல்விதான்.