செவியால் காணும் பறவை

மழைக்காட்டில் பறவை காணப் புகுவோர் முதலில் பழக்க வேண்டிய பொறி செவியே. அங்கே மரங்கள் 100 அடிக்கு மேல் ஓங்கி, கிளையோடு கிளை பின்னிக் கூரைபோல் கவிந்து நிற்கும். கீழே வெளிச்சம் மங்கல். மேலே உள்ளதை இலைகள் மறைத்துவிடும். நாளெல்லாம் அண்ணாந்து பார்த்தும் ஒரு சிறகையும் காணாது திரும்புவோர் உண்டு.

இதற்குத் தக்க சான்று தலைக்கவச இருவாய்ச்சி. மலேசியாவில் வாழும் 10 வகை இருவாய்ச்சிகளையும் பேராக் மாநிலத்தின் பெலும், தெமங்கோர் காடுகளில் காணலாம். அவற்றுள் இதுவே நீளமானது. வாலின் நடுவிறகுகளையும் சேர்த்தால் 5 அடியளவு இருக்கும். இத்துணைப் பெரிய பறவையும் எளிதில் கண்ணுக்கு அகப்படுவதில்லை.

ஆனால் அதன் குரல் மறையாது. முதலில் ஒரு கூவல், சற்று அமைதி, மீண்டும் ஒரு கூவல். இடைவெளி குறுகக் குறுகக் கூவல் விரைந்து, முடிவில் பெருஞ்சிரிப்பாக வெடிக்கும். மலாய் மக்கள் இதனைத் 'தெபாங் மெந்துவா' என்பர். மாமியாரை வெறுத்த மருமகன் ஒருவன், அவள் வீட்டுத் தூண்களைக் கோடரியால் வெட்டிச் சாய்த்து நகைத்தானாம். பின்னர் அவனே பறவையானான் என்பது கதை. கூவல் ஒவ்வொன்றும் கோடரி வெட்டு. இறுதியில் வருவது அவன் சிரிப்பு. கதையை அறிந்தவர் குரலை மறவார்.

இப்பறவைக்கு நேர்ந்த இடர் அதன் தலையிலேயே உள்ளது. பிற இருவாய்ச்சிகளின் கவசம் உள்ளீடற்றது. இதனுடையதோ முன்புறம் திண்மையானது. தந்தம்போல் அதைச் செதுக்கி விற்பதற்காக வேட்டையாடுகின்றனர். 1975 முதல் அனைத்துலக வாணிகம் தடை செய்யப்பட்டிருந்தும் வேட்டை நிற்கவில்லை. 2015-இல் இது அற்றுப்போகும் பேரபாயத்திலுள்ள இனமென அறிவிக்கப்பட்டது.

பெடை மரப்பொந்தினுள் அடைபட்டுச் சுமார் 5 மாதம் சேவல் கொணரும் உணவையே நம்பியிருக்கும். சேவல் வீழ்ந்தால் தாயும் குஞ்சும் பட்டினியால் மடிய நேரும். பறவை காண்போருக்கு வழிகாட்டும் அதே குரல், வேடனுக்கும் வழிகாட்டுகிறது.

ஆகவே மாணவரைக் காட்டுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், முதலில் இக்கதையைச் சொல்லி, பேசாதிருந்து கேட்கப் பழக்குதல் நன்று. கூட்டுமரத்தை நெருங்காமையும், அது நிற்கும் இடத்தைப் பிறர்க்கு வெளியிடாமையும் அப்பாடத்தின் மறுபாதியாகும்.