முயலுக்கு மாலையில்தான் பசி

முயல் அந்திக்குப் பிறகு மேயும் பிராணி. கூண்டிலேயே பிறந்து வளர்ந்தாலும் இந்த வழக்கம் மாறுவதில்லை. நாள் முழுக்கத் தீவனம் இருந்தாலும் பெரும்பகுதியைப் பொழுது சாய்ந்த பிறகே தின்னும். பகலில் ஓய்ந்திருக்கும்போது, குருட்டுக்குடலில் நொதித்து வரும் மென்மையான புழுக்கையை ஆசனவாயிலிருந்தே எடுத்து விழுங்கும். அதில் புரதமும் பி வகை வைட்டமின்களும் நிறைய உண்டு. வேளை தவறித் தீவனம் வைத்தால் இந்தச் சுழற்சி குலையும்.

தமிழகத்தின் சமவெளிகளில் இது இன்னும் முக்கியம். வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் முயல் தீனியைக் குறைத்துவிடும். ஆகவே அடர்தீவனத்தில் பெரும்பங்கை மாலையில் வைப்பதே முறை. வேலிமசால் போன்ற தழைகளையும் இரவுக்குக் கட்டிவிடலாம். தண்ணீருக்கு மட்டும் வேளை கிடையாது; அது குறைந்தால் தீனியும் குறையும்.

தாய் முயல் பெரும்பாலும் நாளுக்கு ஒரே முறை, சில நிமிடங்கள்தான் பால் கொடுக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துப் பதறுவதுண்டு. குட்டிகளின் வயிறு நிறைந்திருந்தால் கவலை வேண்டாம். மூன்றாவது வாரத்தில் பால் உச்சத்தை எட்டும். குட்டிகள் தீவனத்தைக் கொறிக்கத் தொடங்குவதும் அப்போதுதான்.

நான்கு முதல் ஆறு வாரத்தில் தாயிடமிருந்து பிரிக்கும் காலமே ஆபத்தானது. எடை சீக்கிரம் ஏற வேண்டுமென்று மாவுச்சத்து மிகுந்த அடர்தீவனத்தைக் கொட்டினால், முதிராத குடல் தாங்காமல் கழிச்சல் கண்டு குட்டிகள் சாகும். பிரான்ஸ் நாட்டுப் பண்ணைகளில் பிரித்த பிறகு சில வாரங்களுக்குத் தீவனத்தை அளவோடு வைக்கும் முறை பரவியிருக்கிறது. வளர்ச்சி அப்போது சற்றுத் தணிந்தாலும், பின்னர் நிறையத் தின்னும்போது பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது. இழக்கும் சில கிராம் எடையைவிடப் பிழைக்கும் குட்டிகளே பெரிது.

இனப்பெருக்கத்தில் ஒரே அளவு எல்லா நிலைக்கும் பொருந்தாது. கொழுத்த பெண் முயல் சினை பிடிக்கத் தடுமாறும். வளரும் பருவத்தில் அளவோடு ஊட்டி, இனச்சேர்க்கைக்குச் சில நாள் முன்பு கூட்டிக் கொடுத்தால் ஆண் முயலை எளிதில் ஏற்கும். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். வயிற்றுக் குட்டிகள் எடை போடுவது கடைசிப் பத்து நாளில். அந்நாட்களில் பட்டினி நேர்ந்தால், குறிப்பாகக் கொழுத்த முயலுக்கு, சினை நச்சு வந்து உயிரே போகலாம்.

குட்டி ஈன்றபின் தீவனத்தைப் படிப்படியாகக் கூட்டி, பால் கொடுக்கும் வரை வேண்டிய அளவு தின்ன விட வேண்டும். ஈன்ற சில நாட்களிலேயே மறுபடி சேர்த்தால் பாலும் புதுச் சினையும் சேர்ந்து தாயின் உடலை உருக்கும். எவ்வளவு தின்றாலும் ஈடுகட்ட முடியாது. குட்டிகளைப் பிரித்து, தாய் உடல் தேறிய பிறகு சேர்ப்பதே சிறு பண்ணைக்கு ஏற்றது.