சிரிப்பு யார் மேல்?



மீட்டிங் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஆறிப்போன டீ, அடக்க முடியாத கொட்டாவி! நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், கீரப்பாளையத்தில் பஸ் ஏறி, கடலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குப் போகும் வரையில்.

அங்கே ஷிப்ட் ஆரம்பத்தில் தினமும் பத்து நிமிஷக் கூட்டம். மூன்றாம் நாள் எழுந்து, "சார், ரெண்டாம் நம்பர் பம்புல சத்தம் வித்தியாசமா இருக்கு" என்றேன். "தம்பி இன்னும் டிப்ளமாவே முடிக்கல, அதுக்குள்ள பம்புக்கு வைத்தியம் பாக்குறாரு!" என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்தேன். மறுநாள் சத்தம் கூடியது. நான் வாயே திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் பேரிங் இறுகி, பம்ப் நின்றே போனது.

அடுத்த வாரம் வேறொரு சூப்பர்வைசர். "புதுசுல கேஸ்கெட் போடாமலே பம்பை மூடினவன் நான். அன்னிக்கு ஷெட்டுலயே எனக்குத் தீபாவளி எண்ணெய்க் குளியல்! இப்ப உங்க கதையைச் சொல்லுங்க" என்றார். சிரிப்பு அடங்குமுன் நாலு பேர் நாலு பழுதைச் சொன்னார்கள். நான்கும் அன்றே குறிப்பேட்டில் ஏறின.

இரண்டும் சிரிப்புதான். முதலாவது, பேசியவன் மேல் விழுந்தது. 'பேசினால் அவமானம்' என்று கற்றுக்கொடுத்தது. இரண்டாவதை அவர் தன் மேலேயே போட்டுக்கொண்டார். 'தப்பைச் சொன்னால் தலை போகாது' என்று தைரியம் தந்தது.

அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்போர்ன் 1953-ல் எழுதிய நூலில் இதற்கு ஒரு முறையே வகுத்தார். யோசனை சொல்லும் நேரத்தில் குறை சொல்லக் கூடாது, கிறுக்குத்தனமான யோசனையும் வரட்டும், சலித்தெடுப்பது பிறகு. இந்தியாவில் 1980-ல் ஐதராபாத் பெல் தொழிற்சாலையில் தொடங்கிய தர வட்டங்களில், தொழிலாளர்களே கூடிப் பேசித் தீர்வு தேடினார்கள். வாய் திறக்கப் பயந்தால் அங்கே வட்டம் ஏது?

விளையாட்டுக்கும் எல்லை உண்டு. விபத்து நடந்த அன்று ஜோக் வேண்டாம். ஒருவரின் சாதி, உடம்பு, பேச்சுவழக்கு பற்றி என்றுமே வேண்டாம்.

சிரித்து மகிழத் தெரியாதவருக்குப் பகலும் இருட்டுதான் என்கிறார் வள்ளுவர். நம் பேரவைக் கூட்டத்திலும் முதலாண்டுத் தம்பி ஒருவன் திக்கித் திணறி எழுந்து நிற்பான். சிரிக்குமுன் ஒரு நொடி யோசிப்போம். அவன் சொல்ல வந்தது அந்தப் பம்ப் சத்தமாக இருக்கலாம்!