குரூசோ சில்லின் கதை

மடிக்கணினி வாங்கச் செல்லும் நம் மாணவ நண்பர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, ‘எத்தனை கிகாஹெர்ட்ஸ்?’ என்பதே. எத்தனை வாட் செலவாகும் என்று கேட்பவரை நான் கண்டது அரிது. பாட்டரி மாலை வரை தாங்குமா என்பது அதையும் பொறுத்ததல்லவா?

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சில்லு கணக்கிடும்போது செலவாகும் மின்திறன், துடிப்பின் வேகத்தோடு நேர் விகிதத்தில் ஏறும். மின்னழுத்தத்துக்கோ அதன் வர்க்கத்தின்படி ஏறும். அழுத்தம் பாதியானால் செலவு கால் பங்கு! ஆனால் அழுத்தம் குறைந்தால் துடிப்பையும் குறைத்தாக வேண்டும்.

இதை நம்பிக் களமிறங்கிய சிறு கம்பெனி, கலிபோர்னியாவின் டிரான்ஸ்மெட்டா. 2000 ஜனவரியில் அது வெளியிட்ட ‘குரூசோ’, வேலை குறைந்த வேளையில் இரண்டையும் தானே தணித்துக்கொண்டது. இன்டெல் சில்லுக்கான ஆணைகளை மென்பொருளால் மொழிபெயர்த்தே நடத்தியதால் சற்று மந்தம்; அதுதான் குறை.

இன்டெல் சும்மா இருக்குமா? இஸ்ரேலின் ஹைஃபா நகரில் அதன் பொறியாளர்கள் வகுத்த ‘பென்டியம் எம்’ 2003 மார்ச்சில் வந்தது. துடிப்பு குறைவு, ஒவ்வொரு துடிப்பிலும் வேலை அதிகம். டிரான்ஸ்மெட்டா தாக்குப்பிடிக்கவில்லை. ஆயினும் அது தொடுத்த காப்புரிமை வழக்கில், 2007-இல் இன்டெல் 25 கோடி டாலர் தர இசைந்தது. வென்றவன் தோற்றவனுக்குக் கப்பம் கட்டிய காட்சி!

2020-இல் ஆப்பிளின் ‘எம்1’ வந்தது. அதைத் தாங்கிய மாக்புக் ஏரில் விசிறியே இல்லை. இன்டெல்லுக்கென எழுதிய பழைய நிரல்களை அதுவும் மொழிபெயர்த்தே நடத்தியது. ஆனால் மந்தம் என்று எவரும் குறை சொல்லவில்லை.